அழைப்பிதழில் விட்டுப்போன பெயர்

சென்னை சபாக்களின் செயலாளர்களுக்கும் நாடக விழாக் குழுவினருக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நான் நாடகக்காரன் இல்லை. நடித்ததில்லை, எழுதியதில்லை. கல்லூரியில் ஒரே ஒரு முறை திரை இழுத்திருக்கிறேன், அதுவும் பாதியில் சிக்கிக்கொண்டது. உங்களில் இரண்டு சபாக்களுக்குப் பல வருடங்களாகச் சந்தா கட்டிவரும் பார்வையாளன், அவ்வளவுதான். மார்கழியில் கச்சேரிக்கும் சித்திரையில் நாடகத்துக்கும் வந்து, கேன்டீனில் ஒரு காபி குடித்துவிட்டு, பத்தாவது வரிசைக்குப் பின்னால் உட்காருகிற ஆள்.

சென்ற வருடம் ஒரு சபாவில் குறுநாடகங்கள் போட்டார்கள். எந்த சபா என்று சொல்லப்போவதில்லை. அழைப்பிதழ் இன்னும் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. வழவழப்பான அட்டை. தலைமை, முன்னிலை, சிறப்பு விருந்தினர், வாழ்த்துரை, நன்றியுரை என்று ஒன்பது பெயர்கள், அதில் இரண்டு பேருக்குப் புகைப்படம். பின்பக்கம் ஒரு நகைக்கடை. முன்பக்கத்தின் அடியில், கேட்டரிங் விளம்பரத்துக்கு மேலே, சின்ன எழுத்தில் "குறுநாடகங்கள் (3)". நாடகத்தின் பெயர் இல்லை, எழுதியவர் பெயர் இல்லை, நடிப்பவர் பெயர் இல்லை. அடைப்புக்குறிக்குள் ஒரு மூன்று மட்டும் இருந்தது.

ஆறரைக்கு ஆரம்பிக்க வேண்டியது, பேச்செல்லாம் முடிந்து ஏழே காலுக்குத்தான் விளக்கு அணைந்தது. முதல் நாடகம் சுமார். மூன்றாவது எனக்கு மறந்தேவிட்டது. இந்த மடலை எழுத வைத்தது இரண்டாவது.

மேடையில் ஒரு பாய், ஒரு கோணிச் சாக்கு, இரண்டு பெண்கள். அக்காவும் தங்கையும். அம்மாவின் காரியம் முடிந்த மறுநாள். பரணிலிருந்து இறக்கிய பாத்திரங்களைப் பங்கு போடுகிறார்கள். ஒவ்வொன்றையும் முந்தானையால் துடைத்து, அதில் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும் பெயரை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் படிக்கிறாள் அக்கா. இனிஷியல், ஊர், தேதி. பெயரைப் படித்ததும் ஒரு சிரிப்பு, அல்லது ஒரு முணுமுணுப்பு. அந்த எவர்சில்வர் குடம் யார் வைத்த சீர், அதற்காக யாருக்கும் யாருக்கும் பேச்சு நின்றது, பித்தளை அண்டா எத்தனை முறை அடகுக்குப் போய் வந்தது. பத்து நிமிடத்துக்குள் அந்தக் குடும்பத்தின் நாற்பது வருடம் பாயில் பரவிக் கிடந்தது. யாரும் நம்மைப் பார்த்துத் திரும்பி நின்று கதை சொல்லவில்லை.

அப்புறம் தங்கை சாக்குக்குள் கைவிட்டு ஒரு சின்னத் தூக்குச் சட்டியை எடுத்தாள். அதில் ஓர் ஆணின் பெயர். இருவருக்கும் தெரியாத பெயர். தேதி, அம்மாவின் கல்யாணத்துக்கு ஒரு வருடம் முந்தையது. "இதுலதான் எனக்கு ரசஞ்சாதம் குடுத்தனுப்புவா" என்றாள் தங்கை. அக்கா அதை வாங்கி அந்தப் பெயரைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். அதுவரை இது உனக்கு, இது எனக்கு என்று இரண்டு பக்கமும் பிரித்து வைத்துக்கொண்டிருந்தவர்கள் அந்தச் சட்டியை மட்டும் எந்தப் பக்கமும் வைக்கவில்லை. அது நடுவில் இருந்தது. வெளியே தெருவில், பழைய பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்று ஒரு குரல் தூரத்தில் கேட்டு, நெருங்கி வந்தது. இரண்டு பேரும் சட்டியைப் பார்த்தார்கள். விளக்கு அணைந்தது.

மொத்தம் 21 நிமிடம். கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கு வைக்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு.

விளக்கு அணைந்து இரண்டு நொடி ஆகியிருக்காது, அரங்கின் டியூப் லைட்டுகள் மொத்தமும் எரிந்தன. மைக்கில் "ஹலோ, ஹலோ" என்று தட்டினார்கள். பாயும் பாத்திரமும் மேடையில் கிடக்க, அவற்றைத் தாண்டித் தாண்டி நடந்து பொன்னாடை போர்த்தினார்கள். புரவலருக்கு ஒன்று, புரவலரின் துணைவியாருக்கு ஒன்று, நடித்தவர்களுக்கு ஆளுக்கு ஒன்று. பொன்னாடைத் தட்டு ஒன்று பித்தளை அண்டாவில் இடித்து ஒலித்தது. அதற்கு யாரும் சிரிக்கக்கூட இல்லை. எழுதியவரைக் கூப்பிடவே இல்லை. அவர் யார் என்று எனக்கு வெளியே போகும்போதுதான் தெரிந்தது. வாசலுக்குப் பக்கத்தில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், அந்தச் சாக்கைக் கட்டிக்கொண்டிருந்தார். பாத்திரமெல்லாம் அவர் வீட்டுப் பாத்திரம், ஆட்டோவில் கொண்டு வந்திருக்கிறார். அந்தச் சட்டியில் இருக்கும் பெயர் யாருடையது என்று கேட்டேன். "தெரியல சார். நிஜமாவே எங்க பாட்டி வீட்டுப் பரண்ல இருந்தது" என்றார். பிறகு ஒன்று சொன்னார்: விழாக் குழுவில் ஒருவர் அவரிடம் வந்து, நன்றாக இருக்கிறது, இதையே இரண்டு மணி நேரமாக நீட்டித் தர முடியுமா, கோடை விழாவில் போடலாம் என்று கேட்டாராம்.

அவர் நல்ல மனதோடுதான் கேட்டிருப்பார், எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கேள்வியில்தான் என் புகார் முழுவதும் இருக்கிறது. ஒரு சிறுகதை ஆசிரியரிடம் போய், கதை பிரமாதம், எப்போது இதைப் பெரிதாக எழுதப் போகிறீர்கள் என்று தமிழில் யாரும் கேட்பதில்லை. பத்துப் பக்கத்தில் ஒரு வாழ்க்கையைச் சொல்லிவிடலாம் என்பதை எழுபது, எண்பது வருடமாகப் படித்துப் பழகியவர்கள் நாம். நம் இலக்கியத்தில் நாம் அதிகம் பெருமைப்பட்டுக்கொள்வதும் சிறுகதையைப் பற்றித்தான். அதே ஆட்கள் சபா நாற்காலியில் வந்து உட்கார்ந்ததும், அரை மணி நேர நாடகம் என்றால் ஏதோ முழுச் சாப்பாட்டுக்கு முன்னால் வைத்த ஊறுகாய் போலப் பார்க்கிறோம். அந்தச் சட்டி நாடகத்தை இரண்டு மணி நேரம் நீட்டினால் என்ன ஆகும்? அந்தப் பெயருக்கு உரியவர் இடைவேளைக்குப் பிறகு மேடைக்கு வந்துவிடுவார். ஃப்ளாஷ்பேக் வரும். ஒரு கோயில் பிரகாரம், ஒரு கடிதம். கடைசியில் அக்கா அழுவாள். அது வேறு நாடகம். அதை எழுத ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

நாடகத்தின் நீளம் என்பது சாமி சொல்லி வைத்த அளவு ஒன்றும் இல்லை. இந்த ஊரில் சபா என்ற சொல் நாடகத்தோடும் ஒட்டி வந்தது. சுகுண விலாச சபா என்ற நாடகக் குழு தொடங்கியது 1891இல். விடிய விடிய நடந்த நாடகத்தை, வேலைக்குப் போகிறவர்கள் மாலையில் வந்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிற வடிவத்துக்குக் கொண்டுவந்ததில் அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான பம்மல் சம்பந்த முதலியாருக்குப் பெரும் பங்கு உண்டு. இரவு முழுக்க நடக்காதது ஒரு நாடகமா என்று அன்றைக்கும் யாராவது கேட்டிருப்பார்கள். இத்தனைக்கும் அந்த இரவு முழுக்க நடக்கிற தெருக்கூத்துக்குள்ளேயே குறுநாடகம் இருக்கிறது. கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் வந்து அரை மணி ஊர்க்கதை பேசி, இரண்டு வேஷம் தானே மாறிக் காட்டி, பாரதத்துக்கும் பஞ்சாயத்துக்கும் முடிச்சுப் போட்டுவிட்டுப் போகிறானே, அதைத் தனியாக எடுத்தால் தலையும் வாலும் உள்ள ஒரு நாடகம். தூங்கி விழுந்துகொண்டிருக்கும் கிழவர்கூட அப்போது எழுந்து உட்காருவார்.

இந்தத் தெருக்கூத்திலிருந்துதான் நாடகாசிரியர் ந. முத்துசாமி தன் வழியைப் பிடித்தார். புரிசை கிராமத்துத் தம்பிரான் குடும்பத்தின் கூத்தைப் பார்த்தது அவரைத் திருப்பிப் போட்டது. 1977இல் அவருடைய நாடகக் குழுவான கூத்துப்பட்டறை வந்தது. அடுத்த வருடமே சென்னையில் ஞாநியின் பரீக்ஷா குழுவும், மதுரையில் மு. ராமசாமியின் நிஜ நாடக இயக்கமும் வந்தன. இவர்கள் போட்டவற்றில் பல, உங்கள் கணக்கில் "முழு நாடகம்" என்று சொல்ல முடியாத நீளம். அவை சிறுபத்திரிகையில் அச்சாகி, சின்னக் கூடங்களில் மேடையேறி, சிலருக்குப் புரிந்து, சிலரைக் கோபப்படுத்தி, ஐம்பது வருடம் ஆகப்போகிற இன்றைக்கும் மாணவர்களால் மறுபடி மறுபடி போடப்படுகின்றன. சபா மேடைக்குத்தான் அவை அநேகமாக வரவே இல்லை. யார் தவறு என்று இப்போது கிளற வேண்டாம். அந்தப் பக்கத்திலும் சபா என்றாலே முகத்தைச் சுளிக்கிற பழக்கம் இருந்தது. அதுவும் ஒரு வகை ஜாதிதான்.

இன்றைக்கு எழுதுகிறவர்கள் அந்தப் பழைய சண்டை எதுவும் இல்லாதவர்கள். ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிறார்கள், பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருகிறார்கள், சினிமாவில் உதவி இயக்குநராக அலைகிறார்கள். பெண்கள் கணிசமாக எழுதுகிறார்கள். செட் போடப் பணமில்லாததால் நல்லவேளையாக வசனத்தை நம்புகிறார்கள், மௌனத்தை நம்புகிறார்கள். பெசன்ட் நகர் ஸ்பேசஸ் அரங்கிலும், எழும்பூர் மியூசியம் தியேட்டரிலும், யாராவது ஒருவர் வீட்டு மொட்டை மாடியிலும் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்து ஒரு குழு ஒரு டியூஷன் சென்டரில், பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிவிட்டுப் போட்டது. கரும்பலகையில் இருபடிச் சமன்பாடு அழிக்கப்படாமல் இருந்தது. நாடகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் அடிக்கடி கண் அங்கே போய்க்கொண்டிருந்தது.

எல்லாக் குறுநாடகமும் நல்ல நாடகம் என்று சொல்ல வரவில்லை. நிறைய மோசம். நெகிழி ஒழிப்பு, ஹெல்மெட், டெங்கு என்று ஒரு செய்தியை எடுத்துக்கொண்டு, கடைசி நிமிடத்தில் எல்லோரும் வரிசையாக நின்று சபையைப் பார்த்துக் கோஷம் போடுகிறவை ஒரு வகை. கடைசி வரியில் "அவன் செத்துப்போய் மூன்று வருஷம் ஆச்சே" என்று தூக்கிப் போடுகிற வகை இன்னொன்று. முதல் முறை பார்க்கும்போது திக்கென்று இருக்கும், நாலாவது முறை அந்த வரியை நாமே முன்கூட்டிச் சொல்லிவிடுவோம். கறுப்பு பேன்ட், கறுப்பு டி-ஷர்ட் போட்டுக்கொண்டு தரையில் தவழ்ந்தால் அது நவீனம் என்று நம்புகிற வகையும் தீர்ந்தபாடில்லை. ஆனால் சபாவில் வருகிற இரண்டு மணி நேர நாடகங்களில் எத்தனை தேறும் என்று உங்கள் மனசாட்சியைக் கேட்டுப் பாருங்கள். மோசமான நீள நாடகம் ஒரு மாலையையே தின்றுவிடுகிறது. மோசமான குறுநாடகம் 25 நிமிடத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போய்விடும்.

சந்தாதாரர் இரண்டு மணி நேரம் எதிர்பார்க்கிறார் என்பீர்கள். சரி. ஒரு மாலைக்கு மூன்று நாடகம், ஒவ்வொன்றும் அரை மணி. நடுவில் பத்துப் பத்து நிமிடம், ஆக 110 நிமிடம். காபிக்கும் நேரம் கிடைக்கிறது, கேன்டீன்காரரும் சந்தோஷப்படுவார். டெம்போவில் சோபா செட்டும் வரவேற்பறைச் சுவரும் வந்து இறங்க வேண்டியதில்லை, ஒரு சாக்கு போதும். மூன்று குழுவும் தன் தன் ஆட்களைக் கூட்டிவரும். முப்பது வயதுக்குக் கீழே இருக்கும் ஒருவர் உங்கள் வாசலைத் தானாகத் தேடி வருவதைப் பார்த்து எத்தனை நாளாயிற்று? உங்கள் பழைய சந்தாதாரர்களுக்கும் இந்த வடிவம் புதிதில்லை. வானொலியில் அரை மணி நாடகம் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். வெறும் குரலையும் கதவு கிறீச்சிடும் சத்தத்தையும் வைத்துக்கொண்டு முழு வீட்டையும் மனதில் கட்டியவர்கள்.

நாம் இங்கே தயங்கிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் என்ன நடக்கிறது என்று ஒரு நடை போய்ப் பாருங்கள். புனேயில் புருஷோத்தம் கரண்டக் என்ற கல்லூரி ஓரங்க நாடகப் போட்டி 1963இல் தொடங்கியது. மகாராஷ்ட்ரீய கலோபாசக் என்ற அமைப்பு நடத்துகிறது. ஏகாங்கிகா என்று அவர்கள் சொல்லும் ஓரங்க நாடகத்தை மாணவர்களே எழுதி, அவர்களே இயக்கி, பரத் நாட்ய மந்திரில் மேடையேற்றுகிறார்கள். அடுத்த கல்லூரிக்காரன் கத்திக் கூப்பாடு போடுவதற்கு நடுவே நாடகம் தாக்குப்பிடிக்க வேண்டும். மராத்தி மேடையிலும் சினிமாவிலும் பெயர் வாங்கிய எத்தனையோ பேர் அந்தக் கூப்பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள்.

இந்தப் பக்கம் இலங்கைக்கு வாருங்கள். அங்கே நாடகமும் அரங்கியலும் பள்ளியில் ஒரு பாடம், உயர்தரப் பரீட்சையில் எழுதலாம். 1978இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கிய குழந்தை ம. சண்முகலிங்கம், 'மண் சுமந்த மேனியர்' எழுதியவர், பள்ளிப் பிள்ளைகளுக்காக மட்டுமே எத்தனையோ நாடகங்கள் எழுதினார். போர் நடந்துகொண்டிருந்த ஊரில், பெரிய செட்டுக்கும் பெரிய அரங்குக்கும் வழியில்லாத இடத்தில், அந்த நாடகங்கள் நடந்தன. 2025 ஜனவரியில் அவர் காலமானபோது நம் சபாக்களில் எதுவும் அவருக்கு ஒரு மாலையை ஒதுக்கியதாக என் காதுக்கு வரவில்லை. ஒதுக்கியிருந்தால் மன்னியுங்கள், அடுத்த முறை எனக்கும் சொல்லி அனுப்புங்கள்.

வெளிநாட்டுக் கதையை நீட்டப் போவதில்லை. சாமுவேல் பெக்கெட்டின் ஒரு நாடகம் ஒரு நிமிடம்கூட ஓடாது, அதில் மனிதரே இல்லை. சூசன்-லோரி பார்க்ஸ் என்ற அமெரிக்கப் பெண், 2002 நவம்பரில் தொடங்கி, ஒரு வருடம் தினம் ஒரு நாடகம் எழுதினார். பிறகு அவற்றை அமெரிக்கா முழுவதும் நூற்றுக்கணக்கான குழுக்கள் பங்கு போட்டுக்கொண்டு மேடையேற்றின. பிரிட்டிஷ் நாடகாசிரியர் கேரில் சர்ச்சில் 2009இல் காஸாவைப் பற்றிப் பத்து நிமிட நாடகம் ஒன்று எழுதி, கட்டணம் வசூலிக்காமல் யார் வேண்டுமானாலும் போடலாம், முடிவில் பாலஸ்தீன மருத்துவ உதவிக்கு உண்டியல் மட்டும் ஏந்துங்கள் என்றார். அந்தப் பத்து நிமிடத்துக்கு எதிராகவும் ஆதரவாகவும் பக்கம் பக்கமாக எழுதினார்கள்.

இனி கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

மாதத்தில் ஒரு மாலை கொடுங்கள். ஹால் புக்கிங் ஆகாமல் கிடக்கும் புதன்கிழமையை எங்கள் தலையில் தள்ளிவிடாதீர்கள், ஞாயிறு வேண்டாம், ஒரு சனிக்கிழமை. பெரிய அரங்கும் வேண்டாம். உங்களில் பலரிடம் மாடியிலோ பக்கத்திலோ மினி ஹால் ஒன்று இருக்கிறது, வரவேற்புக்கும் ஸ்லோகம் வகுப்புக்கும் வாடகைக்கு விடுகிறீர்கள். அதுதான் இதற்குச் சரியான இடம். பெரிய அரங்கில் மேலேயிருந்து தொங்கும் மைக் நடிகையின் வளையல் சத்தத்தைப் பிடிக்கும், முணுமுணுப்பை விட்டுவிடும். அந்த அக்கா கட்டைவிரலால் பெயரைத் தடவியதை நான் பார்த்தது, அன்றைக்கு அதிர்ஷ்டவசமாக மூன்றாவது வரிசையில் இடம் கிடைத்ததால். பின்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது ஒரு பெண் பாத்திரத்தை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்த காட்சி.

முழு இருட்டு வேண்டும். ஜன்னலுக்கு ஒரு கறுப்புத் துணி, அவ்வளவுதான் செலவு. கடைசி நாடகம் முடிகிற வரை மேடையில் பேச்சு வேண்டாம். ஒரு நாடகம் முடிந்து விளக்கு அணைந்தபின் அந்த இருட்டை எங்களுக்கே விட்டுவிடுங்கள், பத்து நொடியாவது. டியூப் லைட் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் இருக்கும் ஊழியரிடம் இதை முன்கூட்டியே சொல்லி வைத்தால் போதும். பொன்னாடை கட்டாயம் போர்த்தியே ஆக வேண்டும் என்றால் எல்லாம் முடிந்தபின் போர்த்துங்கள், இருக்கிறவர்கள் இருந்து கைதட்டுகிறோம்.

அழைப்பிதழில் நாடகத்தின் பெயர், அதற்குக் கீழே எழுதியவர் பெயர். சிறப்பு விருந்தினர் பெயருக்கு என்ன எழுத்தளவோ அதே அளவு. மேடையேற்ற அனுமதி கேட்டு ஒரு கடிதம் போடுங்கள், சின்னதாக ஒரு கவர் கொடுங்கள். நான்கு பொன்னாடை வாங்குகிற காசில் இது முடிந்துவிடும். பாடகருக்கும் பக்கவாத்தியத்துக்கும் சன்மானம் கொடுக்கும்போது உங்கள் கை கூசுவதில்லை, கீர்த்தனை யார் இயற்றியது என்று மேடையிலேயே சொல்கிற வழக்கமும் உண்டு. சாகித்தியகர்த்தாவுக்கு அவ்வளவு மரியாதை தருகிற அதே மேடையில், உயிரோடு வந்து பின்வரிசையில் நிற்கிற எழுத்தாளருக்கு ஒரு வரி இல்லை என்பது எனக்கு எந்த விதத்திலும் விளங்கவில்லை.

அந்தப் பெண்ணின் பெயரை இந்த மடலில் நான் எழுதவில்லை. அவரைக் கேட்காமல் எழுதுவது முறையில்லை. தவிர, அதை அச்சடிக்க வேண்டிய இடம் இதுவும் இல்லை.

என் சந்தா அடுத்த மாதம் முடிகிறது. புதுப்பிக்கும் படிவத்தின் அடியில் "உறுப்பினர் ஆலோசனைகள்" என்று போட்டு இரண்டு கோடு விட்டிருக்கிறீர்கள். அதில் எழுத ஆரம்பித்துத்தான் இது இவ்வளவு நீளமாகிவிட்டது. காசோலையைத் தனியாக அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
மயிலாப்பூரிலிருந்து ஒரு சந்தாதாரர்